பத்துக்குக் கீழே போன எண்

பாசிர் கூடாங் ஊர்ல பிசின் காய்ச்சுற ஃபேக்டரி ஒன்னுல எனக்கு லேப் வேலை. என் தம்பிக்கு அங்கேயே டேங்க் மேடையில வேலை. டேங்க்னா மூடி போட்ட பெரிய அண்டாதான். உள்ளே மோட்டார் கரண்டி சுத்தும். வெளிச்சுவரைச் சுத்தி குளிர்ந்த தண்ணி ஓடும்.

ஷிஃப்ட் மாறும்போது எங்க ஆளுங்களுக்கு ஒரு பழக்கம். போறவன் வர்றவனைக் கூப்பிட்டு, மூடியில இருக்கிற கண்ணாடி வழியா உள்ளே பார்க்கச் சொல்வான். அலை, நுரை எதுவும் இல்லைன்னா இந்த ஊர் இழுவையில "தூங்குது லா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவான். அதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ரெனால்ட்ஸ் எண்ணைப் பத்தி எத்தனை தடவை கத்தியிருப்பேன்! திரவத்தோட வேகத்துக்கும் பிசுபிசுப்புக்கும் எப்பவும் மல்லுக்கட்டு. யார் கை ஓங்கியிருக்குன்னு அந்த எண் சொல்லும். ஒன்னை இன்னொன்னால வகுக்கும்போது மீட்டர், கிலோ எல்லாம் அடிபட்டுப் போயிடும். வெறும் எண்தான் மிஞ்சும். அதனால வீட்டுச் சட்டிக்கும் எங்க அண்டாவுக்கும் அது ஒன்னுபோலவே பேசும். ரசத்தைக் கலக்கிட்டுக் கரண்டியை எடுங்க, அது பாட்டுக்குச் சுத்தும். எண் பெருசு. கேசரியில எடுங்க, அப்படியே நின்னுடும். எண் சின்னது.

பிசின் தானாவே சூடாகுற சனியன். வேக வேக இறுகும், எண் இறங்கும். அப்புறம் கரண்டி சுத்தினாலும் அடுக்கடுக்கா வழுக்குமே தவிர கலக்காது. நடுவுல இருக்கிற சூடு சுவருக்கு வந்து ஆறாது, உள்ளேயே ஏறி ஆவி மூடியை முட்டும். தெர்மாமீட்டர் இருக்கிறதோ சுவர் பக்கத்துல. பார்க்கிறவனுக்கு எல்லாம் சாந்தமா, சரியா தெரியும்.

போன மாசம் ஒரு மத்தியானம் லேப்புக்கு வந்த சாம்பிள் குச்சியை விட்டு வழியவே இல்லை. கணக்குப் போட்டேன். காலையில ஆயிரத்துக்கு மேல இருந்த எண், பத்துக்குக் கீழே கிடந்துச்சு. வாக்கிடாக்கியை எடுத்தேன்.

"டேய், உடனே கீழே இறங்குடா."

"தூங்குதுக்கா. ரீடிங்கும் ஓகே லா."

"ரீடிங்கைத் தூக்கிக் குப்பையில போடு! இப்ப இறங்கலைன்னா நானே மேல வந்து உதைப்பேன்!"

முணுமுணுத்துக்கிட்டே ஏணியில இறங்கினான். தரையில கால் வச்சு நாலு எட்டு நடந்திருப்பான், மூடி பிளந்துச்சு. கொதிக்கிற பிசின் அவன் நின்ன இடத்துல எல்லாம் கொட்டிச்சு. அவன் முதுகுல ரெண்டு அடி வச்சிட்டு, அவனைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

மூடி ரப்பர் பழசு, அதான் காரணம்னு மேனேஜர் முடிச்சுட்டார். புது ரப்பர் போட்டாச்சு. தெர்மாமீட்டரை நடுவுல வைங்க, கரண்டியை மாத்துங்கன்னு சண்டை போட்டேன். "பார்க்கலாம்"னார். நாளைக்கு அதைவிட இறுகுற பிசின் காய்ச்சுறாங்க. மேடையில என் தம்பிதான்.

இன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல, லீவு போடுடான்னு கெஞ்சினேன். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சிரிக்கிறான்.

"கீழே நீ இருக்கல்லக்கா, எனக்கென்ன பயம்?"

அன்னைக்கு அவன் ஏணியில இறங்குற வரைக்கும்தான் அந்த அண்டா பொறுத்துச்சு. நாளைக்கும் பொறுக்கும்னு இவனுக்கு யார் சொன்னா?