நான் கொன்ற மலைப்பாம்பு

என்னை யாராவது முட்டாள் என்றால் கோபம் வரும். அதனால் நானே முந்திக்கொள்கிறேன். "நானும் உங்க தோட்டம்தான்ணே" என்ற ஒரு பேச்சுக்காக, முன்பின் தெரியாதவனை வீட்டுக்கு அழைத்துவந்து பின்னறையைக் கொடுத்தவன் நான்.

லூனாஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தோட்டத்தில் மலைப்பாம்பைக் கொன்ற என் கதையைக் கூட்டாளிகளிடம் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதிலேயே அங்கிருந்து கரங்கான் என்ற ஊருக்குப் போய்விட்டானாம். நானும் என் மனைவியும் பிறந்த அந்த ரப்பர்த் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை எண்ணெய்க் காடு, விசாரிக்கவும் ஆளில்லை. ஒரே தோட்டம் என்றால் எங்களுக்கு ரத்த சொந்தம். வீட்டில் இவளும் "வா தம்பி" என்று மீன் கறி ஊற்றினாள்.

"கோயில் பக்கத்துல பெரிய அரசமரம், ஞாபகம் இருக்கா?" என்பேன்.

"மறக்க முடியுமாண்ணே!" என்பான்.

கேள்வித்தாளிலேயே விடையை அச்சடித்துக் கொடுத்த வாத்தியார் நான்.

கொஞ்ச நாளில் வீட்டில் பேச்சு செத்துப்போனது. என் மனைவியும் மகளும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். கூலிம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள், அங்கேயே அறை பார்த்துவிட்டுத் துணிப்பையை நிரப்பத் தொடங்கினாள். காரணம் கேட்டால் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. நானோ அவனோடு உட்கார்ந்து தோட்டத்துப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் கிளம்பவிருந்த ஞாயிற்றுக்கிழமை. பசியாற உட்கார்ந்திருந்தோம். அவன் என்னைக் குளிரவைக்க நினைத்தான்.

"அண்ணன் அந்தப் பாம்பை ஒரே போடு போட்டாரே, நான் பக்கத்துலதான் நின்னேன்க்கா. தலை தனியா விழுந்துச்சு."

இவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ பார்த்தியா?"

"இந்தக் கண்ணால!"

"பாம்பே இல்லப்பா. அது ஸ்டோருக்குப் பின்னால கிடந்த தண்ணிக் குழாய். இவரு அலறிக்கிட்டு ஓடி சாக்கடையில விழுந்தாரு. பக்கத்துல நின்னது நான். சிரிச்ச சிரிப்புல தூக்கிட்டு வந்த ரப்பர் பாலைக் கொட்டிட்டு எங்கப்பாகிட்ட அடி வாங்கினேன்."



இவள் குரலை உயர்த்தவே இல்லை. மகளைப் பார்த்து, "இந்த வீட்டைப் பார்த்தா வெட்கமா இருக்குன்னு இவன்கிட்ட சொன்னியா?" என்றாள்.

"நான் எங்கம்மா சொன்னேன்? என்னை எவனுக்காச்சும் கட்டிக்கொடுத்து ஒழிச்சிடணும்னு நீதான் சொன்னியாம்!"

இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பதறவில்லை. மீதித் தோசையைத் தின்று, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான். வீட்டில் ஒரு பொருள்கூடக் குறையவில்லை. எதற்கு வந்தான் என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் அன்று எனக்கு இருந்த பெருமை! இப்படி ஒருத்தியைக் கட்டியவன் நான் அல்லவா? பெருமையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டுமே. பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த மகளிடம் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்: "பார்த்தியா, அப்பா மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லலன்னா என்ன ஆகியிருக்கும்?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் வந்தே இருக்க மாட்டான்லா."