கரண்டு வரும் நேரம்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கூடையைத் துண்டு போட்டு மூடியிருந்தார். மூடி என்ன பிரயோஜனம்? பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சப்பட்டை மாம்பழ வாசனை டிரைவர் சீட்டு வரை போய்விட்டது. கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்கிற சாக்கில் ஒருதரம் குனிந்து பார்த்தார். மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாம்பழ வாசனைக்குப் பயப்படுகிற மனுஷியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசனை என்னை நேராக ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே செல்வின் அண்ணன் வைத்திருந்த கடை. எனக்கு அங்கே டைப் அடிக்கிற வேலை, முதல் வேலை. வாசலில் வக்கீல் குமாஸ்தாக்கள் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பார்கள். அண்ணன் உள்ளே யாரையாவது பிடித்து வைத்து, சாம்பல் அணில் எந்த மரத்தில் கூடு கட்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பார். சர்ச்சில் பாட்டுக் குழுவிலும் இருந்தார். அங்கேயும் இதே பேச்சுதான் என்று என் அக்கா சொல்லுவாள்.

அவர் இரண்டு காரியங்களுக்காக உயிரை விடுவார். ஒன்று, மாதம் ஒருமுறை வருகிற மலைச் செய்தித் தாள். ஒரே தாள், இரண்டு பக்கம், எங்கள் மிஷினிலேயே ஓட்டுவது. ஓடையில் பாட்டில் பொறுக்கியது, காட்டுத் தீ பிடித்தது அணைந்தது, யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, எல்லாம் வரும். வரி வரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான். அதைப் படித்தவர்களைவிட அதில் பால்கோவா மடித்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்தது; பத்திரிகைக்காரி என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது, இரண்டாம் சனிக்கிழமை நடை. ஞாயிறு என்றால் ஆராதனை இருக்கிறதே. வனத்துறையில் அனுமதி வாங்கி, ஒரு காவலரையும் கூட அனுப்பச் சொல்லி, தேவதானத்துக்கு மேற்கே மலையில் ஏறுவோம். வாத்தியார்கள், மில்லில் வேலை பார்ப்பவர்கள், செட்டியார்பட்டியில் வாழை போட்டிருந்த ஒரு அண்ணாச்சி, நான். ஏறுவதற்கு முன்னால் அண்ணன் எல்லோரையும் நிறுத்தி வைத்து விதிகளைச் சொல்லுவார். காட்டு உயிர்களுக்கு எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது, ஒரு தோலைக்கூடப் போட்டுவிட்டு வரக் கூடாது. தாளின் அடியிலும் இதே வரி ஒவ்வொரு மாதமும் வரும். தூக்கத்தில் கேட்டாலும் நான் அடித்துவிடுவேன்.

மலையடிவாரத்தில் வெங்கடசாமி மாமாவின் மாந்தோப்பு இருந்தது. காய்க்கிற காலத்தில் யானை இறங்கி, கிளையோடு முறித்துப் போட்டுவிட்டுப் போகும். அவர் வயிற்றெரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். வளர்ந்த மரம் ஒன்று ஒடிந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் எரியும். வேலியில் கட்டுக்கம்பி இழுத்து மோட்டார் கரண்டைக் கொடுக்கப்போகிறார் என்று காதில் விழுந்ததும் செல்வின் அண்ணன் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கம்பி இழுக்க மாட்டேன் என்று மாமா வாக்குக் கொடுத்தார். அதோடு விடாமல் அண்ணன், "ஒருதரம் எங்ககூட மேல வாங்க மாமா, அது எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்று அவரை நடைக்கும் இழுத்துவிட்டார். மாமாவும் வந்தார். தோளில் ஒரு பை நிறையச் சப்பட்டை. பாறையில் உட்கார்ந்து எல்லோரும் தின்ன வேண்டுமாம். இறங்கியதும் தோப்பில் சாப்பாடு. அவர் மனைவி ராமலட்சுமி அத்தை வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவருவார் என்று ஏற்பாடு. யானைக் காட்டுக்குள் பழுத்த மாம்பழத்தைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போகிற புத்தி எங்கள் ஊர்க்காரருக்குத்தான் வரும். அவர் தோப்புப் பழத்தைத் தின்னாமல் ஒருவர் திரும்பிப் போனால் அவருக்கு அவமானம்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். தோப்பு மோட்டாருக்கான மும்முனைக் கரண்டு எங்கள் பக்கம் நாள் முழுக்க வராது. ஒரு வாரம் பகல் முறை, மறுவாரம் ராத்திரி முறை. வரும்போது போய்ப் போட்டுக்கொண்டிருக்க யாரால் முடியும்? அதனால் எல்லோருமே ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டே வைத்திருப்பார்கள். கரண்டு வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் நிற்கும். அந்தச் சுவிட்சை அணைக்கிற பழக்கமே யாருக்கும் கிடையாது.

மேலே பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். மாமா பையின் வாயைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. செட்டியார்பட்டி அண்ணாச்சி எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"நான் செத்த சீக்கிரம் எறங்குதேன். இன்னைக்கு முறை மாறுதுல்லா? மத்தியானமே கரண்டு வந்துரும். வாழைக்குப் பாயணும்."

மாமா அவரையே பார்த்தார். "இன்னைக்கா? ராத்திரி முறைல்லா?"

"அது நேத்தோட முடிஞ்சிட்டு."

மாமா சட்டென்று எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். நடை இல்லை, ஓட்டம். அந்த வயதில் அந்தச் சரிவில் அப்படி ஒருவர் இறங்கி நான் பார்த்ததில்லை. செல்வின் அண்ணன் காவலரிடம் மற்றவர்களை அங்கேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினார். அண்ணன் பின்னால் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஏதோ செய்தி இருக்கிறது என்று ஓடினேன், அவ்வளவுதான் என் புத்தி.

ஓடைக்கு மேலே அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மாமாவுக்கு உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"கம்பி இழுத்துட்டேன், செல்வின். நேத்து ராத்திரிதான் மோட்டார்லருந்து லைன் கொடுத்தேன். கரண்டு போனதும் அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். இனி ராத்திரிதான வரும்னு இருந்தேன்."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து, அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"ராமலட்சுமிக்குத் தெரியாது. அவ சோத்துச் சட்டியோட பின்பக்கம் வேலிக்குள்ள குனிஞ்சுதான் வருவா. எப்பவும் அப்படித்தான் வருவா."

அண்ணன் திட்டவில்லை. "ஓடுங்க" என்றார். என் போனை எடுத்துப் பார்த்தேன். டவர் இல்லை. இருந்திருந்தாலும் அத்தையிடம் போன் கிடையாது.

ஓடையில் இறங்கித் திரும்பினால் வழியில் யானை நிற்கிறது. பக்கத்தில் குட்டி. மணலை வாரி முதுகில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல். நாங்கள் மூன்று பேரும் ஒரு பாறைக்குப் பின்னால் ஒடுங்கினோம். ஓடையின் இரண்டு பக்கமும் செங்குத்து. அதைத் தாண்டாமல் கீழே போக வழி இல்லை. இவ்வளவு கிட்டத்தில் நான் யானையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதைப் பார்க்கவே முடியவில்லை. அத்தை இப்போது எங்கே வந்திருப்பார் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பாரா? வரப்பில் நடந்துகொண்டிருப்பாரா? எந்த யானைக்காக மாமா கம்பி கட்டினாரோ, அந்த யானை அவருக்கும் அத்தைக்கும் நடுவில் நிற்கிறது. அதை நினைத்து அங்கேயே அழுகை வந்தது. பைபிள் சங்கீதம் ஒன்றாவது சொல்லலாம் என்று பார்த்தேன். சின்ன வயதில் பரிசெல்லாம் வாங்கி மனப்பாடம் பண்ணியதில் ஒரு வரி நாக்கில் வரவில்லை.

மாமா எழுந்து நேராக ஓடப் பார்த்தார். அண்ணன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்களும் செத்தா கரண்டை யாரு நிறுத்துவா?"

அப்போது காற்று திரும்பியது. யானை தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் நீட்டியது. ஏன் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு எனக்கே அடித்தது மாம்பழ வாசனை. அந்த ஓட்டத்தில் பைக்குள் பழமெல்லாம் நசுங்கியிருந்தது. மாமா இன்னும் அதைத் தோளில் வைத்திருந்தார்.

செல்வின் அண்ணன் பையைக் கழற்றினார். பாறைக்கு ஒருபக்கம் சரிவு இறங்கி ஒரு பள்ளத்தில் முடிந்தது. அவர் தவழ்ந்து போய்ப் பையை அந்தச் சரிவில் கவிழ்த்தார். பழங்கள் உருண்டு பள்ளத்தில் விழுந்தன. குட்டிதான் முதலில் போனது. தாய் கொஞ்ச நேரம் நின்றது. எங்களுக்கு அது ஒரு யுகம். பிறகு அதுவும் குட்டி பின்னால் இறங்கியது. ஓடையின் மறுகரையை உரசிக்கொண்டு நாங்கள் கடந்தோம். மாதாமாதம் நான் அடித்த விதியை எழுதின ஆளே உடைத்தார் என்பது எனக்குக் கீழே வந்த பிறகுதான் உறைத்தது.

தோப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே காதில் விழுந்தது. தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். மோட்டார் ஓடுகிறது. கரண்டு வந்துவிட்டது.

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். தரையில் கையை ஊன்றினார். "போச்சு" என்றார். அண்ணன் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இழுத்துக்கொண்டு ஓடினார். நான் முந்திப் போயிருக்கலாம். போகவில்லை. முதலில் பார்ப்பது நானாக இருக்கக் கூடாது என்று பின்னாலேயே ஓடினேன்.

பின்வேலி ஓரம் சோற்றுச் சட்டி துணி சுற்றி வைத்திருந்தது. பக்கத்தில் அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். கம்பியை ஒட்டி அத்தையின் நாய் மணி கிடந்தது. ராஜபாளையம் என்றதும் நீங்கள் வெள்ளை நாயை நினைப்பீர்கள். மணி செம்பட்டை நிறத்தில் ஒரு சாதாரண நாட்டு நாய். அத்தை எங்கே போனாலும் இரண்டு எட்டு முன்னால் ஓடும். அன்றைக்கும் ஓடியிருக்கிறது.

"ஏலே மணி, என்னலே ஆச்சு ஒனக்கு? எந்திரில" என்று சொல்லிக்கொண்டே அத்தை குனிந்து கையை நீட்டினார்.

"ஏட்டி! தொடாத!"

அந்தக் குரல் மாமாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. தொண்டை கிழிந்து வந்தது. அத்தை நிமிர்ந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. மாமா மோட்டார் ரூமுக்கு ஓடி ஃபியூஸைப் பிடுங்கினார். தண்ணீர் நின்ற பிறகு தோப்பில் ஒரு சத்தம் இல்லை. அத்தை நாயைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார்.

கம்பியை மாமாவே அன்றைக்கே சுருட்டி எடுத்தார். திங்கட்கிழமை கடைக்கு வந்தார். அந்த மாதத் தாளுக்கு அண்ணன் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன்; மலையடிவாரத் தோப்பு ஒன்றில், என்று ஆரம்பம்.

"எம் பேரைப் போடு" என்றார் மாமா.

"கேஸாயிரும் மாமா. பொறவு அத்தைதான் இந்தக் கோர்ட்டு வாசல்ல வந்து நிக்கணும்" என்றார் அண்ணன். பேர் இல்லாமலே வந்தது. அந்தத் தாளை மாமா கட்டாக வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் கையில் கொடுத்தார். பால்கோவா மடிக்கப்படாத ஒரே இதழ் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு யானை வந்தது, தின்றது, போனது. மிஞ்சியதை மாமா விற்றார். புலம்பாமல் இருந்தாரா என்றால் இல்லை, நன்றாகவே புலம்பினார். ஆனால் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. தோப்பில் எங்கே நின்றாலும், மோட்டார் தானாக ஓட ஆரம்பித்ததும், "ராமலட்சுமி!" என்று கத்துவார். அத்தை எங்கிருந்தாவது, "இங்கனதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. நடை முடிந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதுகூட நடக்கும். பக்கத்திலேயே பரிமாறிக்கொண்டிருப்பார் அத்தை, அப்போதும் மாமா கூப்பிடுவார். எங்களுக்குச் சிரிப்பு வரும். அத்தை மட்டும் சிரிக்காமல் பதில் சொல்லுவார்.

இப்போது அந்த மலை புலிகள் காப்பகம். நினைத்தபோது கூட்டமாக ஏற முடியாது. காட்டுக்கு அது நல்லதுதான். எனக்குத்தான் சனிக்கிழமைகளில் கால் அரிக்கிறது. செல்வின் அண்ணன் மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். தாளும் அவரோடு போயிற்று. மலைச் செய்தி இப்போது போனில் வருகிறது, படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து மேலே தள்ளிவிடுகிறது. வெங்கடசாமி மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். தோப்பு கைமாறி மரமெல்லாம் வெட்டி மனை போட்டுவிட்டார்கள். யானை இறங்க அங்கே ஒன்றும் இல்லை.

அத்தை இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில். அந்தப் பஸ் பயணத்துக்கு மறுநாள் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய்விட்டது. புழுக்கத்தில் விசிறிக்கொண்டே அத்தை, மகள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அத்தை பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். வாசல் பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். தெருவில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

"இங்கனதான் இருக்கேன்" என்றார், வாய்க்குள்ளேயே.