பத்தொன்பதாவது அறை

பெரிய மாளிகையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட செய்தி பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வந்தது. தங்கைதான் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னாள். முப்பத்தோரு வருடம் அங்கே தரை துடைத்த அக்கா, "படிக்கட்டுமா போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

மாளிகையின் வரலாற்றை ஊர் நூலகர் எழுதிக்கொண்டிருந்தார். வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. வீட்டு உரிமையாளரின் பழைய குறிப்பில் பதினெட்டு அறைகள் என்றிருந்தது, அதையே எழுதிவைத்திருந்தார். அதைக் கேள்விப்பட்ட அக்கா மறுநாள் காலை அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, பத்தொம்பது."

"குறிப்பு எழுதினது வீட்டுக்காரரும்மா."

"அவரு எந்த ரூமைத் துடைச்சாரு?"

படிக்கட்டுக்குப் பின்னால் ஜன்னலில்லாத அறை ஒன்று இருந்தது. வேலைக்காரர்கள் வாளியை வைத்ததும், சாப்பிட்டதும், கொஞ்சம் காலை நீட்டியதும் அங்கேதான். அந்த அறை இல்லையென்றால் அவர்களும் அந்த வீட்டில் இல்லை என்றாகிவிடும். அவள் விடுவதாக இல்லை.

ஈரத்துணியால் தரையை ஒருமுறை வீசித் துடைத்தால் எத்தனை அடி போகிறதென்று பார்க்க, தன் சமையலறையில் மண்டியிட்டாள். தங்கை டேப்பைப் பிடித்தாள்.

"அங்க தேஞ்ச முட்டி பத்தாதா? இங்கயும் தேய்க்கணுமா?"

"உன் வாயை அளக்கறதுன்னாதான் டேப் பத்தாது. நேராப் பிடிடி."

ஒரு வீச்சு நான்கு அடி. எந்த அறைக்கு எத்தனை வீச்சு என்பது அவள் கைக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல நூலகர் வரைந்தார். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை, அவளையும் கூட்டிக்கொண்டு மாளிகை இருந்த காலி மனைக்குப் போனார்.

"படிக்குப் பின்னால. மூணு வீச்சு நீளம், ரெண்டு அகலம்" என்றாள்.

நூலகர் சட்டைக்கையை மடித்துவிட்டு மண்ணைத் தள்ளினார். சுவரின் அடிக்கல் தெரிந்தது. அளந்தார். பன்னிரண்டுக்கு எட்டு.

"பத்தொம்பதுதாம்மா."

"இப்பவாவது எண்ண வந்துச்சே!"

அந்த அறையை அவளையே வரையச் சொல்லி பென்சிலைக் கொடுத்தார். நான்கு சுவர் போடுவதற்குள் விரல் மரத்துப்போனது.

"கதவு எந்தப் பக்கம்னு எனக்குத்தான் தெரியும். யாரும் கைவைக்காதீங்க. வியாழக்கிழமை வந்து போடறேன்."

புதன்கிழமை விடிவதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

வரைபடம் இப்போது நூலகச் சுவரில் இருக்கிறது. அதில் பத்தொன்பது அறைகள். கடைசி அறைக்குக் கதவு போடவில்லை.