வாஷர் வைத்து ஆடிய பிளாக்ஜாக்

எவர்சில்வர் தட்டில் பித்தளை வாஷர்கள் கொட்டும் சத்தம். ஏ.எஸ்.ராவ் நகரில் ஏதாவது ஹார்டுவேர் கடையைத் தாண்டும்போது கேட்டுவிடுகிறது. கேட்டதும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறது, ஜன்னல் வெயில் வந்துவிடுகிறது, எங்கள் சாப்பாட்டு மேஜையில் மச்சான் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

மச்சான், என் மனைவியின் அண்ணன். நாச்சாரத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். வேலையை விட்டுவிட்டு, கோவாவில் நடக்கும் பிளாக்ஜாக் போட்டிகளில் ஆடியே பிழைப்பது என்று முடிவு செய்திருந்தார். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் தயார். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டிய சீட்டாட்டம் அது. போட்டியில் மேஜைக்கு ஆறு பேர். முடிவில் யாரிடம் காசுக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகள் அதிகமோ அவர் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போவார். இரண்டாவதாக வந்தவரும் வெறுங்கைதான். பழகுவதற்கு நாங்கள் மூவரும் கீழ்வீட்டு மூவரும். வில்லைக்குப் பதில் வாஷர், ஆளுக்கு நூறு.

முப்பது ஆட்டத்தில் பத்து அவருக்கு. கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.

"மொத்தம் முப்பத்தாறு பேரு, மாப்ள. சாதாரண ஆளுக்கு முப்பத்தாறுல ஒரு வாய்ப்பு. எனக்கு மேஜைக்கு மூணுல ஒண்ணு. ரெண்டு மேஜை ஜெயிக்கணும், ஒம்பதுல ஒண்ணு. நடத்துறவன் பிடிச்சது போக, பரிசு முப்பது என்ட்ரி ஃபீஸ். ஒம்பதால வகுத்துப் பாருங்க! ஒரு ஃபீஸ் கட்டினா சராசரியா மூணுக்கு மேல திரும்பி வருது."

மூன்று தடவை சரிபார்த்தேன். தப்பே இல்லை.

மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "மூணுல ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சுண்ணே?"

"இதே மேஜைலேர்ந்துதான்."

"இந்த மேஜைல யாராவது என்னைக்காவது நூறையும் தள்ளியிருக்கோமா? வாஷரா இருந்தாலும் இருபதை மாசக்கடைசிக்குன்னு ஒதுக்கி வெக்கிற ஆளுங்க நாம. அங்க வர்றவன் ஒதுக்குவானா?"

மச்சான் பேனாவை மூடினார். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் முதல் புது விதி: கடைசிக் கையில் பின்தங்கியவர்கள் எல்லாவற்றையும் வைத்தே ஆக வேண்டும். கீழ்வீட்டுக்காரர், வாழ்நாள் முழுக்கச் சேமித்தவர், வாஷர் குவியலை இரண்டு கையாலும் அணைத்துத் தள்ளினார். ஜெயித்தார். "ஹவ், ஆமா! இது நல்லாருக்கே!" என்று எழுந்து நின்றுவிட்டார். அதன்பின் அவரை உட்காரவைக்க முடியவில்லை.

இன்னொரு முப்பது ஆட்டம். மச்சானுக்கு ஆறுதான். மேஜைக்கு ஐந்தில் ஒன்று. இரண்டு மேஜைக்கு இருபத்தைந்தில் ஒன்று. ஒரு கட்டணம் கட்டினால் ஒன்றேகாலுக்கும் சற்றுக் குறைவாகத் திரும்பும்.

"அப்பவும் லாபந்தானே?"

"லாபந்தான் மச்சான். அதை ஃப்ளைட் டிக்கெட் தின்னுரும்."

வாடிவிடுவார் என்று பயந்தேன். அவரோ கடிதத்தை விரித்து, முப்பத்தாறுக்குப் பக்கத்தில் இருபத்தைந்தை எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சாதாரண ஆளை விட நான் கொஞ்சம் கெட்டிக்காரன்னு கணக்கே சொல்லுதுல்ல?" கடிதத்தை நான்காகக் கிழித்து பட்டாணித் தோலோடு போட்டார்.

ஒரே ஒரு தடவை ஆடிப் பார்க்கிறேன் என்று மூன்று நாள் லீவு போட்டார். ஏர்போர்ட் பஸ் ஏறும் காலையில் படியில் நின்று திரும்பினார்.

"ஜெயிச்சுட்டா அங்கேயே இருந்துருவியாண்ணே?" என்றாள் மனைவி.

"நக்கோ, மாட்டேன். திங்கக்கிழமை ஷிஃப்ட் இருக்கு. நீ ஞாயித்துக்கிழமைக்கு வாஷரை எண்ணி வை."