மாட்யூல் ஏறவில்லை

சுங்கை பஞ்சாங் வயல் வாய்க்கால்களில் நீர்மட்டம் பார்க்கும் பெட்டி ஒன்றை ரவாங் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்தோம். அதன் சென்சாரோடு பேசும் டிரைவர் நிரலை எழுதியது நான். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினேன். என் மேசையில் பிசகில்லாமல் ஓடியது.

பெட்டியில் ஏற்றியதும் படுத்துக்கொண்டது. இப்படி ஒரு ஃபங்க்ஷனே தெரியாது என்றது கெர்னல், அதாவது பெட்டியை ஓட்டும் அடிப்படை மென்பொருள்; உலகமே பொதுவில் எழுதி, பொதுவில் எடுத்துக்கொள்வது. எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டு தப்பியது பெரிய விஷயம். அது கெர்னலுக்குள் இருக்கும் ஃபங்க்ஷன்தான், நேற்றுவரை அதைத்தானே கூப்பிட்டேன்!

பிறகுதான் உறைத்தது. மேசையில் டிரைவரைக் கெர்னலோடு சேர்த்தே கட்டியிருந்தேன். உள்ளே இருப்பதற்கு எல்லாம் கிடைக்கும். பெட்டியிலோ அது மாட்யூல், கெர்னல் ஓடத் தொடங்கிய பிறகு தனியாக ஏறுவது. 'மாட்யூல்களும் இதைக் கூப்பிடலாம்' என்று ஒரு வரி சேர்த்துத் திறந்துவிட்ட ஃபங்க்ஷன்கள் மட்டுமே அதற்குக் கிடைக்கும். எனக்கு வேண்டியதில் அந்த வரி இல்லை.

"நாமளே அந்த வரிய சேர்த்துக்கலாம் பாஸ்" என்றேன்.

"அப்புறம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் யாரு ஒட்டுப்போடுறது? வெளிய ரெடிமேட் பெட்டி இருக்கு லா. அடுத்த நடவுக்கு தண்ணி விடுற வரைக்கும் பாப்பேன். இல்லன்னா ஒன்னோடத தூக்கிப் போட்டுட்டு அத வாங்கிருவேன்."

அவர் கேட்டது நியாயம்தான். அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, மூலக் கெர்னலிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லி அந்த ஒரு வரியை மட்டும் அதைப் பராமரிப்பவருக்கு அனுப்பினேன். யாரோ, எந்த ஊரோ. மறுநாளே பதில் வந்தது. கெர்னலோடு வெளியாகும் மாட்யூல்களில் எதுவும் இதைக் கூப்பிடவில்லையே, யாருக்காகத் திறப்பது? உங்கள் டிரைவரையும் அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஒரு வரி கேட்டால் முழு டிரைவரையும் கேட்கிறாரே! எனக்கு மட்டும் புரியும்படி எழுதிய அலங்கோலத்தை உலகமே பார்க்குமே என்று கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன்.

மனிதர் வரிவரியாகப் பிய்த்துவிட்டார். பெயர் சரியில்லை, இடைவெளி சரியில்லை. ஆனால் நிரலில் ஓரிடத்தில் பூட்டைப் போட்டுவிட்டு நான் விடுவிக்காமல் வந்திருந்ததையும் கண்டுபிடித்தார். அப்படியே வயலுக்குப் போயிருந்தால் பெட்டி நின்ற இடத்தில் உறைந்திருக்கும். அதற்குமேல் அவரைத் திட்ட மனம் வரவில்லை. திருத்தி அனுப்பினேன், மறுபடி திருத்தினேன். அதற்குள் நடவுத் தண்ணீருக்காக வாய்க்காலைத் தூர்வார ஆரம்பித்துவிட்டார்கள். பாஸும் ரெடிமேட் பெட்டிக்கு விலை கேட்டுவிட்டார்.

ஒரு நாள் மதியம் பதில் வந்தது. இரண்டையும் சேர்த்துக்கொண்டேன், அடுத்த வெளியீட்டில் வரும், நன்றி.

சாப்பிடப் போயிருந்த பாஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப அது வர்ற வரைக்கும் மட்டும் நாம ஒட்டுப்போட்டா போதும், இல்ல?"

"ஆமா பாஸ்."

"அந்த ரெடிமேட்காரனும் இதே கெர்னலத்தான் போடுறான். இனி அவன்கிட்ட வாங்குனாலும் உள்ள ஒன் டிரைவருதான் இருக்கும் லா. அத எதுக்கு காசு குடுத்து வாங்கணும்?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.