அண்ணாவின் வயிற்றில் இருந்த துண்டு

பூவரசங்குளத்தில் பிறந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வட்டக்கச்சியில் வயல் செய்து, நாற்பத்தொரு வயதில் எங்களை விட்டுப் போன அண்ணாவைப் பற்றி இந்த நினைவு மலரில் நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். அவருடைய நல்லதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தங்கச்சி நான் செய்த பிழை தெரியாது.

போரின் கடைசிச் சண்டையில் அண்ணாவின் வயிற்றில் வெடித்த ஷெல்லின் துண்டு ஒன்று ஏறியது. எடுப்பதுதான் ஆபத்து என்று அப்படியே விட்டார்கள். எங்கள் சனத்தில் துண்டு சுமக்காத குடும்பம் ஏது? மழைக்கு நொந்தாலும் துண்டு, சாப்பாடு செமிக்காவிட்டாலும் துண்டு என்றுதான் சொல்வோம். இரண்டு வருடங்களுக்கு முன், சிறுபோக நெல் விதைக்கும் நேரம், வயிற்றில் ஏதோ தட்டுப்படுகிறது என்றார். நானே தொட்டுப் பார்த்தேன்.

"துண்டு நகர்ந்திருக்குது அண்ணா. வேற ஒண்டும் இல்லை."

"ஓம், அதாத்தான் இருக்கும்" என்று மண்வெட்டியோடு போய்விட்டார். நான்கு மாதம் அப்படியே போனது.

முதுகு நோவில் அவரால் நிமிர முடியாமல் போனபோது, அண்ணி பிடிவாதமாக வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கான் படத்தைக் காட்டினார். துண்டு இடுப்பெலும்போரம், ஏறிய இடத்திலேயே கிடந்தது. கையில் தட்டுப்பட்டது ஒரு புற்றுநோய்க் கட்டி; அது வேறு இடத்தில், முதுகெலும்புக்கு முன்னால், பெரிய இரத்தக்குழாயோடு ஒட்டி.

"ஆம்பிளையளுக்கு விதையில வாற வகைக் கட்டி இது. இவருக்கு அங்க ஒண்டும் இல்லை, வயித்துக்குள்ளயே வந்திருக்கு. வலு அபூர்வம். மருந்து ஏத்திச் சுருக்கிப்போட்டு மிச்சத்தை வெட்டி எடுக்கவேணும். முந்தி வந்திருந்தால் லேசாயிருந்திருக்கும்."

என் முன்னால் அதைக் கேட்க வெட்கப்பட்டு அண்ணா தலை குனிந்தார். நான் வேறு காரணத்துக்காகக் குனிந்தேன்.

நான்கு தரம் மருந்து ஏறியது. சத்திரசிகிச்சையன்று காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பத்து மணிக்கு இரத்தம் காணாது, இன்னும் வேணும் என்று தாதி ஓடி வந்தார். மச்சான்மாரும், அண்ணாவிடம் நெல் வாங்கும் முல்லைத்தீவு முஸ்லிம் நானாவும் இரத்தம் கொடுக்கக் கையை நீட்டினார்கள். நான் கதிரையில் உட்காரவேயில்லை. பின்னேரம் நாலு மணிக்கு நிபுணர் வந்தார்.

"ஆள் தப்பீட்டார். ஆனா முழுக்க எடுத்தம் எண்டு சொல்லமாட்டன்."

அண்ணா இன்னுமொரு மாரிமழைக் காலபோகம் விதைத்தார். அறுவடைக்கு முன் நோய் நுரையீரலில் தெரிந்தது. கடைசிக் கிழமை, கட்டிலருகே அழுதேன்.

"நான்தானே அண்ணா துண்டெண்டு சொன்னனான்."

"நானும் அதைத்தானே நினைச்சனான். அழாத பிள்ளை. மற்ற ஆக்களுக்குச் சொல்லு."

இரத்தம் தந்தவர்களே, அவர் வயலை அறுத்து நெல்லை வீடு சேர்த்தவர்களே, இரவு பகல் பாராமல் பார்த்த தாதிமாரே, உங்களை நாங்கள் மறக்கமாட்டோம். தகனத்துக்கு மறுநாள் சாம்பல் அள்ளும்போது மச்சான் அந்தத் துண்டைக் கண்டெடுத்து வந்து தந்தார். புளியங்கொட்டை அளவுதான். அண்ணா சொன்னதைச் சொல்கிறேன்: வயிற்றில் ஏதும் தட்டுப்பட்டால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். துண்டுதான் என்று யாராவது சொல்வார்கள். நானே சொன்னாலும் கேட்காதீர்கள்.