தேய்த்துக் கழுவிய கல்

இலங்கை மலைநாட்டில், லிந்துலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு மீன் பைத்தியம். திருகோணமலையிலிருந்து பீப்பாயில் கடல் தண்ணீர் வரவழைத்து, பங்களாவில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். அதற்குள் ஒரு பவளக்கல், சில பெரிய மீன்கள், விரல் நீளத்தில் தவிட்டு நிறமாக ஒரு சின்ன மீன். அதில் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கோபத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இரை போடக் கையை நீட்டினால் கல்லை விட்டு வந்து நறுக்கென்று கடிக்கும். பெரிய மீன்கள்கூட அந்தக் கல் பக்கம் வராது.

அப்போது எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பங்களாவைக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறேன் என்றார் துரை. அந்த வேலை நிலைக்காவிட்டால் மறுபடி கொழுந்துக் கூடையோடு மலை ஏற வேண்டும். ஏறினால் கால் போய்விடும். எனக்குப் பயம். பேய் பிடித்தவள் மாதிரித் துடைத்தேன்.

துரை நாலு நாள் வெளியூர் போயிருந்தார். அந்தக் கல் என் கண்ணை உறுத்தியது. ஒரு பக்கம் முழுக்கப் பாசி. பதினைந்து வருஷம் தேயிலைக்குள் புல் பிடுங்கிய கை சும்மா இருக்குமா? கல்லை வெளியே எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்து வெள்ளையாக்கி வைத்தேன். அதற்குப் பிறகு மீன் கடிக்கவில்லை. மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. மற்ற மீன்கள் கல்லின்மேல் தாராளமாக உலாவின.

துரை வந்ததும் நானே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, சிரித்தார்.

"அட, அது அழுக்கு இல்ல. அந்த மீனோட தோட்டம். கடல்ல, பவளப்பாறையில ஒரு பாய் அகலத்துக்கு எடம் புடிக்கும். வேண்டாத பாசியைக் கடிச்சுத் துப்பிட்டு, வேண்டியத மட்டும் வளக்கும். அதைத்தான் திங்கும். யார் வந்தாலும் வெரட்டும்."

"அப்ப அந்த எடம் அதுக்குச் சொந்தமாங்க தொரை?"

"வேற யாருக்கு? பாடுபட்டு வளத்தது அதுதானே."

என் வாய் இருக்கிறதே! சன்னலுக்கு வெளியே தாத்தா காலத்திலிருந்து நாங்கள் வளர்த்த தேயிலை. எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜை என்ற பேர்கூட இல்லை என்று சட்டம் போட்டிருந்த சமயம் அது.

"அப்ப இந்த மலை யாருதுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

துரையின் சிரிப்பு நின்றது. கல்லைத் தேய்த்ததற்குக் கோபப்படாத மனுஷன், எழுந்து உள்ளே போனார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மேல்மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களோடு கங்காணி என் பேரையும் கூப்பிட்டார்.